பெல்ட்டில் மூன்று ஓட்டை: உகாண்டாவில் ஐந்து நாள்

முதல் நாள்: கம்பாலாவிலிருந்து மசாகா

விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். விட்டால் கம்பாலா நெரிசலில் மாட்டிக்கொள்வோம் என்று அண்ணன் மகன் அவசரப்படுத்தினான். அவன் இங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். மூன்று வருஷமாக "வாங்கத்தை, வாங்கத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். சிங்கம் பார்க்கலாம், நைல் நதி விக்டோரியா ஏரியிலிருந்து கிளம்புகிற இடத்தைப் பார்க்கலாம் என்றெல்லாம் ஆசை காட்டினான். எனக்கு மசாகா போகணும், ராக்காய் பக்கம் போகணும், காசென்ஸெரோ போகணும் என்றேன். "அங்க பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களே அத்தை" என்றான். இருக்கிறது கண்ணு என்றேன்.

முன்பு இந்தப் பக்கத்தைப் படித்திராதவர்களுக்காக: நான் நாமக்கல் மாவட்டத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலையோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் போனது. எங்களுடையது லாரி ஊர். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பதை 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அடுத்த பத்து வருஷத்தில் அது எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. அப்போது பயிற்சியில் எங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பெரிய அறிகுறி இவை, சிறிய அறிகுறி இவை, இத்தனை சேர்ந்தால் எய்ட்ஸ் என்று நினைக்கலாம் என்று அதில் இருந்தது. அந்தப் பட்டியலின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒருமுறையாவது இங்கே வந்து பார்க்கவேண்டும் என்று அன்றிலிருந்தே மனசில் இருந்தது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நாளைக்கோ மறுநாளோ எழுதுகிறேன்.

மசாகா சாலை நல்ல சாலை. இரண்டு பக்கமும் கோரைப் புல் சதுப்பு, பிறகு வாழை, மறுபடியும் வாழை. கயாப்வேயில் நிலநடுக்கோடு சாலையைக் கடக்கிறது. வெள்ளை வளையத்துக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டோம். லுகாயாவில் வண்டி நின்றதுமே சுட்ட கோழி, சுட்ட வாழைப்பழம் என்று ஜன்னலுக்கு இருபது கை நீண்டுவிட்டது. அந்த வாழைப்பழத்துக்கு கொஞ்சா என்று பெயர். நம் நேந்திரத்தைத் தணலில் வாட்டினால் எப்படி இருக்குமோ அப்படி.

வழி முழுக்க நான் எண்ணிக்கொண்டு வந்தது லாரிகளைத்தான். கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி, கம்பாலா வழியாக ருவாண்டா வரைக்கும் இதே சாலையில்தான் போகிறார்கள். ஓட்டுநர்கள் இறங்கி டீ குடிக்கும் இடம், பக்கத்தில் தங்கும் அறை, வாசலில் நிற்கும் பெண்கள். எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையைப் பார்த்த மாதிரியே இருந்தது.

இரண்டாம் நாள்: மசாகா

மசாகா 1979ல் இடிந்த ஊர். இடி அமீனை விரட்ட வந்த தான்சானியப் படை குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியதாம். இடிந்த சுவர்கள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. போர், அதன் பிறகு கள்ளக்கடத்தல், எல்லை தாண்டிப் போய் வரும் வியாபாரிகள், பசி. கிருமிக்கு இதைவிடத் தோதான மண் வேண்டாம்.

இன்றைக்கு நான் பார்க்க வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு கிளினிக்கல் ஆஃபீசர். இங்கே கிராமத்து மருத்துவத்தைத் தூக்கி நிறுத்துபவர்கள் அவர்கள்தான். எம்.பி.பி.எஸ். இல்லை, மூன்று வருஷப் படிப்பு. ஆனால் ஜனங்களுக்கு அவர்தான் 'முஸாவோ', அதாவது வைத்தியர். அண்ணன் மகனுடன் வேலை பார்க்கும் ஒருவருக்கு அவர் மாமா. நான் நர்ஸ் என்று சொன்னதும் எழுந்து நின்று 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுக் கை கொடுத்தார். எழுபது வயசைத் தாண்டியவர். வீட்டு முற்றத்தில் பலா மரத்தடியில் நாற்காலி போட்டு, நிலக்கடலைக் குழம்பும் வாழைக்காய் மசியலும் பரிமாறச் சொன்னார். அதற்கு மட்டோக்கே என்று பெயர், இங்கே அதுதான் சோறு.

அவர் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். "ஆட்கள் உருகிக்கொண்டே வந்தார்கள் சிஸ்டர்" என்றார். ஊர் ஜனங்களே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் மெலிவைச் சொல்லும் 'ஸ்லிம்' என்ற சொல்லைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி 'சிலிமு' ஆக்கினார்கள். இன்றைக்கும் இங்கே பேசும் லுகாண்டா மொழியில் எய்ட்ஸுக்குச் சிலிமு என்றுதான் பெயர். டேவிட் செர்வாடா, நெல்சன் செவன்காம்போ முதலான உகாண்டா மருத்துவர்கள் ராக்காய், மசாகா பகுதி நோயாளிகளைப் பற்றி 1985 அக்டோபரில் லான்செட் மருத்துவ இதழில் எழுதியபோதும் அந்த ஜனங்கள் வைத்த பெயரையே தலைப்பில் போட்டார்கள்.

அதே அக்டோபரில்தான், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்குயியில், உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டம் நடந்தது. ரத்தத்தில் கிருமிக்கான எதிர்ப்புப்பொருளைக் கண்டுபிடிக்கும் சோதனை அந்த வருஷம்தான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருந்தது. கரண்டே இல்லாத ஒரு கிராம ஆஸ்பத்திரிக்கு அது எங்கே வரப்போகிறது? கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, காதால் கேட்டுச் சொல்லக்கூடிய ஒரு பட்டியல் வேண்டும் என்று உட்கார்ந்து எழுதினார்கள். உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது, ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சல். இவை மூன்றும் பெரிய அறிகுறிகள். ஒரு மாதத்துக்கு மேல் இருமல், உடம்பெல்லாம் அரிப்புப் புண், திரும்பத் திரும்ப வரும் அக்கி, வாய்க்குள் வெண்படலம், ஆறாமல் பரவும் ஹெர்பிஸ் புண், பல இடத்தில் நெறிகட்டு. இவை சிறியவை. பெரியதில் இரண்டும் சிறியதில் ஒன்றும் சேர்ந்து, புற்றுநோய், கடும் பட்டினி மாதிரி வேறு காரணம் ஏதும் தெரியாவிட்டால், எய்ட்ஸ். காப்போசி சார்கோமா என்ற கருநீலக் கட்டியோ கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலோ இருந்தால் அது ஒன்றே போதும்.

இந்தப் பட்டியலை வைத்து எப்படி வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்ததா என்று கேட்கிறது தாள். போன வருஷம் அவன் என்ன எடை இருந்தான் என்று யாருக்குத் தெரியும்? எங்களிடம் தராசே ஒன்றுதான், அதுவும் குழந்தைகளுக்கானது. நான் பெல்ட்டைப் பார்ப்பேன். ஆணியால் குத்திய புது ஓட்டை எத்தனை? ஓட்டை இன்னும் பளிச்சென்று இருக்கிறதா, பழசாகிக் கறுத்துவிட்டதா? பெண்கள் என்றால் மோதிரத்தைப் பார்ப்பேன். கழன்று விழாமல் இருக்க உள்பக்கம் நூல் சுற்றியிருப்பார்கள்."

எனக்குப் பேச்சு வரவில்லை. நானும் பார்த்திருக்கிறேன் அந்த நூலை. எங்கள் பக்கத்தில் மெட்டியில் சுற்றியிருப்பார்கள்.

அக்கியைப் பற்றிப் பேச்சு வந்தது. முதுகெலும்பில் தொடங்கி ஒரே பக்கமாக விலாவைச் சுற்றி நெஞ்சு நடுவில் கோடு போட்ட மாதிரி நின்றுவிடும் கொப்புளம். ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு பட்டையாக நிற்கும். எங்கள் ஊரில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவிமண்ணால் அக்கி எழுதிக்கொள்வார்கள் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டார். "இருபத்தைந்து வயசுப் பையன் சட்டையைக் கழற்றும்போது அந்தத் தழும்பைப் பார்த்தால், மற்ற எல்லாவற்றையும்விட அதை நம்புவேன்" என்றார். எங்கள் அனுபவமும் அதேதான்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். பெயர்கள் இருந்த பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஓரத்தை மட்டும் காட்டினார். ஒவ்வொரு வரி முடிவிலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

பாங்குயிப் பட்டியல் நாட்டில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்று கணக்கெடுக்கப் போட்டது. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷிக்கு 'உனக்கு இதுதான்' என்று தீர்ப்புச் சொல்லப் போட்டது இல்லை. ஆனால் வேறு எதுவும் கையில் இல்லாத இடத்தில் கணக்கெடுக்கும் தாளே தீர்ப்பாக மாறிவிடுகிறது. காங்கோவின் கின்ஷாசாவிலும் இங்கே உகாண்டாவிலும் ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பட்டியல் எய்ட்ஸ் என்று காட்டியவர்களில் 100க்கு 73, 74 பேருக்குத்தான் கிருமி இருந்தது. அதாவது நாலு பேரில் ஒருவருக்கு இல்லை. அந்த ஒருவருக்கு என்ன நோய்? பல நேரம் காசநோய். எடை குறையும், மாலையானால் காய்ச்சல் வரும், இருமல் மாசக்கணக்கில் இருக்கும். பெரியதில் இரண்டு, சிறியதில் ஒன்று, கணக்குச் சரியாக வந்துவிடும். காசநோயாளிக்கு இருமலைச் சிறிய அறிகுறியாக எண்ணாதீர்கள் என்று பிறகு 1994ல் திருத்திய வரையறையில் சேர்த்தார்கள்.

அந்தக் கேள்விக்குறிகளை என்ன செய்தீர்கள் என்றேன். பரிசோதனை வசதி மசாகாவுக்கு வந்ததும், உயிரோடு இருந்தவர்களைச் சைக்கிளில் தேடிப் போய்க் கூட்டிவந்தாராம். சிலருக்குக் கிருமி இல்லை. அதில் ஒருவர், எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று வாழைத்தோட்டத்தையே விற்றுவிட்டிருந்தார். "அவர் வீட்டுக்கு மூன்று தடவை போனேன். என்ன சொல்வது? ன்சொன்யிவா என்று சொன்னேன்." மன்னித்துவிடு என்று அர்த்தம்.

இன்றைக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

மூன்றாம் நாள்: ஒரு சுகாதார நிலையம்

முறைப்படி அனுமதி வாங்கித்தான் போனோம். எந்த ஊர், எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. உகாண்டாவில் சுகாதார நிலையங்களுக்கு எண் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு என்று பெரிதாகிக்கொண்டே போகும். நான் பார்த்தது மூன்றாம் எண்.

நீளமான திண்ணை, பெஞ்சு, எடை பார்க்க வரிசை, கைக்குழந்தைகள், கண்ணைக் கரிக்கும் டெட்டால் வாசனை. என் பழைய இடம்தான்.

இப்போது இங்கே பொறுப்பில் இருப்பது ஓர் இளம் பெண். முப்பது வயசு இருக்கலாம். அவர் மேஜையில் விரல் குத்தும் ஊசி, சோதனைப் பட்டை, மணி பார்க்க ஒரு சின்னக் கடிகாரம். ஒரு சொட்டு ரத்தம், 15 நிமிஷம். முதல் பட்டையில் கோடு விழுந்தால் வேறு வகைப் பட்டையில் மறுபடி பார்த்து உறுதிசெய்கிறார்கள். மசாகாப் பெரியவர் கேள்விக்குறி போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த பதில் கால் மணி நேரத்தில் வந்துவிடுகிறது.

அப்படியானால் கண்ணுக்கு இனி வேலை இல்லையா என்று கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் ஓர் ஆள் உள்ளே வந்தார். நான் இருக்கலாமா என்று அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் என் கண் போனது அவர் பெல்ட்டுக்கு. ஆணி அடித்த ஓட்டை மூன்று. கடைசி ஓட்டையின் ஓரத்தில் தோல் இன்னும் வெளுப்பாக இருந்தது.

மீன்பிடிப்பவர். மருந்து ஏற்கெனவே எடுத்தவர்தான். தீவுக்குத் தீவு மாறி மீனுக்குப் பின்னால் போனதில் மாத்திரை தீர்ந்துபோய், மாசக்கணக்கில் எடுக்காமலே விட்டுவிட்டார். இப்போதெல்லாம் இப்படி முற்றிய நிலையில் வருபவர்களில் நிறையப் பேர், கண்டுபிடிக்கப்படாமல் போனவர்கள் இல்லை, மருந்து நடுவில் அறுந்துபோனவர்கள் என்றார் அந்தப் பெண்.

வாயைத் திறக்கச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் நானும் பார்த்தேன். அண்ணத்திலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் திரிந்த தயிர் ஒட்டின மாதிரி வெள்ளைத் திட்டுகள். நாக்கை அழுத்தும் குச்சியால் ஒரு திட்டை லேசாக வழித்தார். வழிந்து வந்தது, அடியில் ரத்தச் சிவப்பு. நாக்கின் விளிம்பில் வேறு மாதிரி ஒரு வெண்மை உண்டு, வரிவரியாக முடி மாதிரி நிற்கும், அது வழித்தால் வராது. இரண்டும் எச்சரிக்கைதான், ஆனால் ஒன்றல்ல. பிறகு "விழுங்கும்போது வலிக்கிறதா?" என்று கேட்டார். அந்த ஆள் நெஞ்சு நடுவில் கை வைத்துக் காட்டினார். வாயில் இருப்பது உணவுக்குழாய்க்கும் இறங்கிவிட்டது என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனத்தின் நான்கு படிகளில் அது கடைசிப் படி.

அந்தக் கை வைத்துக் காட்டுதலுக்குத்தான் எந்தப் பட்டையும் இல்லை. அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் எதிரில் இருக்கவேண்டும்.

அடுத்து அவரைச் சிறுநீர் பிடித்துவரச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. சில சொட்டுச் சிறுநீரைப் பட்டையில் விட்டு 25 நிமிஷம் வைத்தால், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களிடம் காசநோய் இருப்பதைக் காட்டிவிடுமாம். சளி வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை, கிரிப்டோகாக்கஸ் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தச் சோதனை, எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள். பட்டையில் கோடு விழுந்தது. அன்றே காசநோய் மாத்திரை கைக்கு வந்தது. ஹெச்.ஐ.வி. மருந்தை எப்போது மறுபடி தொடங்குவது என்பதை மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு சொல்வதாகச் சொன்னார்.

எழுந்து போகும்போது அந்த ஆள் எனக்கும் 'வெபாலே' சொன்னார். நன்றியாம். நான் ஒன்றுமே செய்யவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ரத்தச் சோதனை எண்களைப் பார்க்காமல், நோயாளியின் உடம்பைப் பார்த்தே மருந்தை நடத்த முடியுமா என்று உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் 3,316 பேரை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2003ல் தொடங்கிய ஆராய்ச்சி அது. ஐந்து வருஷ முடிவில், சோதனை எண்களையும் பார்த்துக் கவனித்தவர்களில் 100க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள், உடம்பை மட்டும் பார்த்துக் கவனித்தவர்களில் 87 பேர். வித்தியாசம் உண்டு. ஆனால் லேப் இல்லை என்பதற்காக மருந்து கொடுக்காமல் இருக்கத் தேவையில்லை என்று அது காட்டியது. பார்க்கத் தெரிந்த கண் அவ்வளவு தூரம் தாங்கும்.

சரி, என் காரணத்தை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

2001. நான் வேலை பார்த்த ஒரு நிலையத்துக்கு ஒரு பெண் வந்தார். இருபத்தாறு வயசு. கணவர் லாரி ஓட்டுநர், ஆறு மாசம் முன்பு இறந்திருந்தார், எதனால் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தார். காய்ச்சல், இருமல். நான் பார்த்தேன், முடிவு கட்டிவிட்டேன். பட்டியலில் எல்லாம் பொருந்தியது. லாரிக்காரர் மனைவி என்பது பட்டியலில் இல்லை, ஆனால் என் மனசில் அதுதான் முதல் அறிகுறியாக இருந்தது. சளிப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று நானும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. கட்டிலைத் தாழ்வாரக் கோடிக்கு நகர்த்தினேன். ஆயாவிடம் தாழ்ந்த குரலில், "பாத்துக்க, அந்தக் கேஸு" என்றேன். என் குரல் அவ்வளவு தாழ்ந்ததாக இல்லை போலிருக்கிறது. சாயங்காலத்துக்குள் மாமியார் வீட்டுக்குச் செய்தி போய், அவரைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனி.

தாய்வீட்டார் வேறோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சளியில் காசநோய்க் கிருமி. ஹெச்.ஐ.வி. இல்லை.

மாத்திரை வாங்க எங்கள் நிலையத்துக்குத்தான் அனுப்பினார்கள். அப்போது வாரம் மூன்று நாள், எங்கள் கண்ணெதிரில் விழுங்க வேண்டும். என் உள்ளங்கையிலிருந்து எடுத்து விழுங்கினார். ஒரு நாள் தவறாமல் வந்தார், உடம்பு தேறினார், கன்னத்தில் சதை வைத்தது. ஆறு மாசத்தில் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்காம் நாள்: காசென்ஸெரோ

க்யோட்டேரா தாண்டியதும் தார்ச்சாலை போய்ச் செம்மண் புழுதி வருகிறது. கடைசியில் திடீரென்று விக்டோரியா ஏரி. ஏரி என்கிறார்கள், கண்ணுக்குக் கடல்தான். கரையெல்லாம் வலை விரித்து முக்கேனே என்ற பொடிமீன் காய்கிறது. நெத்திலிக் கருவாடு வாசனை. அண்ணன் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டான். எனக்குப் பசித்தது.

1982ல் உகாண்டாவில் முதலில் கவனத்துக்கு வந்த மரணங்கள் இந்தக் கரையில்தான். இறந்தவர்கள் வியாபாரிகள், எல்லை தாண்டித் தான்சானியாவோடு கள்ளச்சரக்கு மாற்றியவர்கள். ஏமாற்றப்பட்ட அந்தப் பக்கத்து வியாபாரிகள் வைத்த சூனியம் என்று ஊர் நம்பியது. பிறகு மனைவிமாரும் உருகத் தொடங்கினார்கள், சூனியம் அவர்களை ஏன் பிடிக்கவேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

வழியில் வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இங்கே சுடுகாடு என்று தனியாக இல்லை, சொந்த வாழைத்தோட்டத்திலேயே அடக்கம் செய்கிறார்கள். இறந்தவரை முத்துபா மரத்தின் பட்டையைத் தட்டிச் செய்த செந்நிறத் துணியில் சுற்றுவது வழக்கம். ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஐந்து சிமெண்டு மேடுகளை எண்ணினேன். திண்ணையில் ஒரு ஜாஜா, அதாவது பாட்டி, பொடிமீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும் அவருக்கு. தன் தங்கைகள் நான்கு பேர், ஒரு கொழுந்தன் என்று மேடுகளைக் காட்டிச் சொன்னார். அவர்கள் பிள்ளைகளையெல்லாம் இவரே வளர்த்து ஆளாக்கியிருக்கிறார். அதில் ஒரு பையன் அன்றைக்கு ஊரில் இருந்தான். பெரியம்மா என்று கூப்பிடாமல் அம்மா என்றுதான் கூப்பிட்டான்.

இந்த ராக்காய்ப் பகுதியில் ஹெச்.ஐ.வி. பற்றிய ஆராய்ச்சி 1988ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. பக்கத்து விவசாயக் கிராமங்களைவிட மீன்பிடிக் கரைகளில் நிலைமை மோசம் என்று காட்டியது அவர்கள்தான். பத்து வருஷம் முன்பு கணக்கெடுத்தபோது பெரியவர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் கிருமி இருந்தது. மருந்து வந்து, ஆண்களுக்கு முன்தோல் நீக்கும் சிகிச்சையும் வந்து, புதிதாகத் தொற்றுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

கரையில் படகு தள்ளிக்கொண்டிருந்த பையன்களில் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாரும் கட்டுமஸ்தாக, சிரித்துக்கொண்டு, ஒருவன் தலையில் ஒருவன் தட்டிக்கொண்டு நின்றார்கள். என் கண் பழக்கதோஷத்தில் இடுப்பையும் கழுத்தையும் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

ஐந்தாம் நாள்: திரும்பும் வழி

லுகாயாவில் மறுபடியும் கொஞ்சா வாங்கினோம். அண்ணன் மகன் மூன்றாம் நாள் குறிப்பைப் படித்துவிட்டிருக்கிறான். வண்டி ஓட்டிக்கொண்டே, "அவங்க இப்ப எங்க இருக்காங்கத்தை?" என்று கேட்டான். தெரியாது கண்ணு என்றேன்.

மத்தியானம் என்னோடு வேலை பார்த்த சிஸ்டர் ஒருவருக்குப் போன் போட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்கத் தயங்கிய விஷயம், கேட்டு முடிக்க இரண்டு நிமிஷம் ஆகவில்லை. நல்லா இருக்காங்க, தாய்வீட்டுப் பக்கமே இருக்காங்க, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், வாரச் சந்தையில் கீரை விற்கிறார்கள் என்றார். என்ன கிழமை சந்தை என்று கேட்டேன். செவ்வாய்.

நாளை இரவு விமானம். சனிக்கிழமை ஊர் சேர்ந்துவிடுவேன்.